சூடு போகும் வழி

வேர்வை போர்டின்மேல் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் ரேணுகாவின் மனதில் முதலில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ, அதற்கும் பிறகுதான் அது நேராக இறங்குகிறதா என்கிற கவலை. பழைய போர்வையை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டைப் படுக்கவைத்து, அதற்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திரண்ட துளி ஒன்று புருவத்தில் வந்து நின்றது. புறங்கையால் துடைத்தால் விரல் நுனியில் இருக்கிற ஸ்க்ரூ நழுவும், நழுவினால் போர்டுக்கு அடியில் எங்காவது போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் கூட்டையே தூக்கிக் கவிழ்த்து உலுக்க வேண்டும். தோளை உயர்த்தி, ஜாக்கெட் கையிலேயே நெற்றியை ஒற்றிக்கொண்டாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்து உட்காரவைத்திருந்த அவள் கணவன் பரந்தாமன், "மெதுவா" என்றான். மெதுவாகத்தானே செய்கிறாள். காலையில் அவனைக் குளிப்பாட்டித் துடைத்ததிலிருந்து, சோறு ஊட்டியதிலிருந்து, புரட்டிப் போட்டு முதுகில் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்ததிலிருந்து எல்லாமே மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. வேகம் என்று ஒன்று இந்த உடம்பில் இருந்ததே, ஷூ கம்பெனியில் அந்த வரிசையிலேயே இவள் கைதான் வேகம் என்று சூப்பர்வைசரம்மா மற்றப் பெண்களிடம் சொல்லுமே, அது எங்கே போனது, ஒரேயடியாகப் போனதா கொஞ்சம் கொஞ்சமாகப் போனதா என்று யோசிப்பதுகூட ஒரு வேலையாகத் தெரிந்தது. ஸ்க்ரூ மரையில் பிடித்துக்கொண்டது. "ரொம்ப இறுக்காத. நின்னா போதும்" என்றான். நின்றால் போதும். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, எங்கேயாவது கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது கூரையில் ஏறியிருந்த வெயிலை எடுத்துக் கீழே வீசுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. வேலூரில் கத்திரி வெயில் என்றால் ஊரே அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல்தான், அதிலும் சத்துவாச்சாரியில் மலையை ஒட்டின தெரு. பகலெல்லாம் பாறை வாங்கி வைத்துக்கொண்ட சூட்டைப் பொழுது சாய்ந்தபிறகு தெருவுக்குத் திருப்பித் தரும். மாடி இல்லாத வீடு. தலைக்கு மேலே வெறும் கான்கிரீட், அதற்கு மேலே நேராகச் சூரியன். படுக்கையறைச் சுவர் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குமேல் அந்தச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். ஏசி போடலாம் என்றால் அந்தத் தெருவில் சாயந்திரம் டியூப்லைட்டே கண்சிமிட்டும், வேறு லைன் இழுக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலர் ஒன்று ஜன்னலோரம் நின்று உறுமிக்கொண்டிருந்தது. தன் முதுகில் ஓடுகிற வேர்வை அவளுக்கு எரிச்சலாக இல்லை. பொறாமைப்படவேண்டிய ஒன்றாக வேர்வை ஆகிப்போன வீடு இது. அவனுக்கு வேர்க்காது. பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கழுத்தெலும்பு நசுங்கினதிலிருந்து, கால்கள் போனதுபோல, விரல்கள் போனதுபோல, வேர்வையும் போய்விட்டது. அதைத்தான் அவள் கடைசியாகத் தெரிந்துகொண்டாள். கால் அசையாது என்பது முதல் நாளே தெரியும். வேர்க்காது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியும்தான் இருப்பார்கள், சொன்ன எத்தனையோ விஷயங்களுக்கு நடுவில் அது காதில் விழவில்லை. போன வருஷம் இதே கத்திரியில், உடம்பு நன்றாகக் காய்ந்து சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு மத்தியானம் சந்தோஷப்பட்டாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவன் கண் மேலே செருகி, என்னென்னவோ பேசி, ஆட்டோவில் அவனைக் கிடத்தி அவன்மேல் ஈரப் புடவையைச் சுற்றி ஓடும்போது அந்தப் புடவை ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் காய்ந்துவிட்டது. காய்ந்த புடவை. அந்தப் புடவையை அவள் மறுபடி கட்டவில்லை.

"அடுத்தது பிராசஸர்" என்றான். சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் கூட்டில், பெரிய தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். இவ்வளவுதானா என்று இருந்தது. இதைப் பற்றியா மாசக்கணக்கில் பேசினார்கள், இவனும் இம்தியாஸும். இம்தியாஸ் அவனுடைய பழைய கூட்டாளி; பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பேருமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார்கள், இப்போது இம்தியாஸ் தனியாகப் பார்த்துக்கொள்கிறான். தை பிறந்த சமயத்தில் ஒருநாள் அவன்தான் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டிலில் பலகை போட்டு வைத்து, பெரிய கோலிக்குண்டு பதித்ததுபோல ஒரு மவுஸை இவன் கைக்குக் கீழே வைத்தான். பரந்தாமனுக்குத் தோள் வரும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே தூக்கும். அதை வைத்து அந்தக் குண்டை உருட்டினான். திரையில் ஒரு லாரி அசைந்தது. லாரி ஓட்டுகிற விளையாட்டு. சரக்கு ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு ஊரிலிருந்து ஏதோ ஒரு ஊருக்கு, மலை, மழை, வளைவு. லாரி போய்ப் பள்ளத்தில் இறங்கியது. இம்தியாஸ் சிரித்தான், இவனும் சிரித்தான். அடுப்படியில் நின்ற ரேணுகாவுக்கு அந்தச் சத்தம் என்னவென்று உடனே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ என்றுதான் நினைத்தாள். அன்றைக்குச் சாயந்திரம் அவன், "ரேணு, எனக்கு இந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்றான். வேணும். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு இரண்டு வருஷம் இருக்கும். என்ன சமைக்கட்டும் என்றால் எதுனா பண்ணு, டிவி போடட்டுமா என்றால் உன் இஷ்டம், ஜன்னலைத் திறக்கட்டுமா, மூடட்டுமா, எல்லாவற்றுக்கும் உன் இஷ்டம், இஷ்டம் என்று ஒன்றைத் தன்னிடமிருந்து கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டவனைப்போல. அவளுக்கு எதில் இஷ்டம் இருந்தது. அவளுக்குத் தூக்கத்தைத் தவிர எதிலும் இஷ்டம் இல்லை.

சதுரத்தின் மூலையில் பொன்னிறத்தில் ஒரு முக்கோணப் புள்ளி. போர்டிலும் அதேபோல் ஒரு புள்ளி. "ரெண்டும் ஒண்ணா வர்ற மாதிரி வை. அழுத்தக்கூடாது. அதுவா உக்காரும்." அதுவாக உட்கார்ந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, உடனே பெருமைப்பட என்ன இருக்கிறது என்றும் இருந்தது. கம்பெனிக்குப் போவது நின்றபிறகு ஷூவின் மேல்தோலை வீட்டுக்கே வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுக்கிறாள். தோலில் ஊசி ஏற்றி ஏற்றி ஆள்காட்டி விரல் நுனி கெட்டியாகி, சூடு குளிர்கூட அந்த இடத்தில் தெரிவதில்லை. அந்த விரலால் இதைத் தொட்டபோது எதையும் தொட்டதாகவே தோன்றவில்லை. "இந்தச் சில்லுக்குள்ளயே படம் காட்டுற வேலையும் இருக்கு. அதுக்குன்னு தனியா ஒரு கார்டு போட்டா கேம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அது தோசைக்கல்லு" என்றான். ஏற்கனவே சொல்லியிருக்கிறான். இம்தியாஸ், யாரோ விற்கிறார்கள், மலிவாக வருகிறது என்று பெரிய கார்டு ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தபோது போனில் வேண்டாம் என்றுவிட்டான். விலைக்கு ஏத்த மாதிரி கட்டறது ஒண்ணு, ரூமுக்கு ஏத்த மாதிரி கட்டறது ஒண்ணுடா, எனக்கு ரெண்டும் வேணும் என்றான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எவ்வளவு கரண்டு குடிக்கும் என்றுதான் முதலில் கேட்டான். அவள் ஒருநாள் கேட்டாள், கரண்டு பில்லுக்கா பயப்படறீங்க என்று. அவன் சொன்னது இன்னும் அவளுக்குள் முள் மாதிரி நிற்கிறது. "அது குடிக்கிற கரண்டு மொத்தமும் கடைசில சூடாத்தான் ரேணு வெளிய வரும். படம் காட்டறது, கணக்கு போடறது எல்லாம் நடுவுல. முடிவு சூடுதான். வேற எங்கயும் போவாது." வேறெங்கேயும் போகாது. இந்த அறையில் விழுகிற எதுவுமே வேறெங்கேயும் போவதில்லை. வெயில் விழுந்தால் இங்கேதான் நிற்கிறது. வார்த்தை விழுந்தால் இங்கேதான் கிடக்கிறது. அவன் மேலேயும் அவள் மேலேயும் விழுந்த எல்லாம் இந்த நாலு சுவருக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது இதற்குள் இன்னொரு அடுப்பைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதுதான் விளங்கவில்லை. நேற்றுதான் இம்தியாஸ் பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து இறக்கினான். குடியாத்தத்தில் மச்சினி கல்யாணம், அடுத்த ஞாயிறு வந்து நானே பூட்டிக் கொடுத்துடறேன் அண்ணி என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு வாரம். இத்தனை மாசம் பொறுத்தவனுக்கு ஒரு வாரம் பொறுக்கவில்லை. காலையில் காப்பியைக் குடித்து முடித்ததும், "நீயே பண்ணிடலாம் ரேணு, நான் சொல்லச் சொல்ல" என்றான். நானா என்றாள். உன் கை போதும் என்றான். உன் கை போதும். இரண்டு வருஷமாக அவள் கைதான் அவனுக்குக் கை. மூக்கு அரித்தால் அவள் கை, புத்தகத்தில் பக்கம் புரட்ட அவள் கை. தன் வேலைக்கும் அதே கை. சமயத்தில் எதற்காகக் கையை நீட்டினோம் என்று அவளுக்கே மறந்துபோகிறது. அவசரம் எதற்கென்றால், இங்கேயிருந்து போவதற்குத்தான். லாரியில் ஏறிப் போய்விட வேண்டும் அவனுக்கு. மலை, மழை, இன்டர்நெட்டில் யாரோ தெரியாத ஆட்களோடு பேசிக்கொண்டே போகிற ரோடு. அவளிடம் பேச என்ன இருக்கிறது. திருப்பு, தண்ணி, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம், போதும். இம்தியாஸிடம் ஒரு மணிநேரம் பேசினான், காத்து முன்பக்கம் வழியாக உள்ளே வந்து பின்பக்கம் வெளியே போகவேண்டும், அதற்குத்தான் முன்பக்கம் வலை வைத்த கூடு என்று. அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது எப்போது என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்காகத் துக்கம் வரவேண்டும், அதுவும் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

"இப்ப பேஸ்ட்டு. நடுவுல ஒரு பொட்டு வை, பட்டாணி அளவு" என்றான். சின்ன ஊசிக்குழாயில் சாம்பல் நிறத்தில் ஏதோ. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு, "பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?" என்று கேட்டாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். அவன் ஒரு கணம் யோசித்து, "காஞ்ச பட்டாணி" என்றான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றில் பலம் இல்லாததால் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. "பதினஞ்சு வருஷம் இந்த வேலை பாத்தேன். ஒருத்தனும் இதைக் கேட்டதில்ல." அவளுக்கும் உதட்டோரம் லேசாக இழுத்தது. பொட்டு வைத்தாள். அதன்மேல் ஃபேன் வைத்த அலுமினியக் கட்டியை இறக்கி, ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றி அவன் சொன்னபடி இறுக்கினாள். இது எதற்கு என்று கேட்டதற்கு, சூட்டை அந்தச் சில்லிலிருந்து வாங்கி இந்த அலுமினியத்துக்குக் கொடுக்கிறதுக்கு, நடுவுல காத்து இருந்தா சூடு தாண்டாது, அதான் பேஸ்ட்டு என்றான். சூடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு பொட்டு பேஸ்ட்டு போதுமா. வயர்கள் வந்தன. கறுப்பு வயர், அகலமான வாய் வைத்தது, பூனை மீசை மாதிரி மெல்லியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். அவன் சொல்லிக்கொண்டே வந்தான், அவள் செருகிக்கொண்டே வந்தாள், எது எங்கே என்று கேட்கக் கேட்க அவன் குரல் மட்டும் அறைக்குள் இருந்தது, அப்புறம் அந்தக் குரலில் இடைவெளி விழ ஆரம்பித்தது, அடுத்தது என்று அவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை, கேட்டுக்கொண்டே நிமிர்ந்தாள்.

முகம் சிவந்திருந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் எங்கே விழுந்தது என்றும் தெரியாது. தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, போன வருஷம், போன வருஷம் என்று ஒன்று மட்டும் தலைக்குள் அடித்தது, மேற்கொண்டு அந்த எண்ணம் நகரவே இல்லை. ஆட்டோ, புடவை, போன வருஷம். நூற்றியொன்றுக்கு மேலே காட்டியது. ஸ்ப்ரே பாட்டிலால் முகம், கழுத்து, மார்பு, கை எல்லாம் தண்ணீரை அடித்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸைக் கொண்டுவந்து துண்டில் சுற்றிக் கக்கத்திலும் கழுத்தடியிலும் வைத்தாள். ஏர்கூலரில் தண்ணீர் தீர்ந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது, எத்தனை நேரமாகவோ, அதைப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்து வயர் செருகிக்கொண்டிருந்திருக்கிறாள். குடத்தைத் தூக்கி ஊற்றினாள். தரையெல்லாம் தண்ணீர், கம்ப்யூட்டர் கூட்டைக் காலால் தள்ளி நகர்த்தினாள், உடைந்தால் உடையட்டும். "இன்னும் ரெண்டு வயரு தான்" என்றான் அவன், நாக்கு ஒட்டிக்கொள்ள. "கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க" என்றாள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். விசிறியால் வீசினாள். வீச வீசத் தோள்பட்டை எரிந்தது. இது இல்லாமலே இப்படி என்றால், இந்தப் பெட்டியும் சேர்ந்து சூடு கக்க ஆரம்பித்தால். இவன் லாரியில் போய்க்கொண்டே இருப்பான், மலையில், மழையில், குளிர்கிற ஊரில், உடம்பு இங்கே வெந்துகொண்டிருக்கும், அவனுக்குத் தெரியாது, அவளும் அடுத்த அறையில் ஊசியும் தோலுமாகக் குனிந்திருப்பாள், அவளுக்கும் தெரியாது. தெரியவரும்போது கண் மேலே செருகியிருக்கும். வீசிக்கொண்டே இருந்தாள். வெயில் மேற்குச் சுவருக்குக் கீழே இறங்கியது. தெர்மாமீட்டர் இறங்க அதைவிட அதிக நேரம் பிடித்தது. இறங்கியது. அவன் கண் அவளைப் பார்த்தது. "உக்காரு" என்றான். அவள் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

அதோடு விட்டுவிட்டிருக்கலாம். கூட்டை மூடி மூலையில் தள்ளிவிட்டு, இம்தியாஸ் வந்தால் எடுத்துப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல், தரையில் கிடந்த அந்த இரும்புக் கூட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான். உன் இஷ்டம் என்று சொல்லப்போகிற முகம். அந்த வார்த்தையை மறுபடி கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் சொல்வதற்குள் எழுந்து, தரையைத் துடைத்து, உட்கார்ந்து, மிச்ச வயர்களைச் செருகினாள். மானிட்டரைக் கட்டிலுக்கு முன்னால் மேசையில் வைத்து இணைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கறுப்பு. தன் கையால் ஏதோ கெட்டுப்போயிற்று, வேர்வைத் துளி விழுந்திருக்கும், தள்ளினபோது ஏதாவது உடைந்திருக்கும். அவன் திட்டினால்கூட நன்றாக இருக்கும். அவன், "அந்த நீளப் பட்டை, ரேம், ரெண்டையும் எடுத்துட்டு மறுபடி போடு. ரெண்டு கட்டை விரலையும் வச்சு அழுத்து. டக்குனு சத்தம் வரணும்" என்றான், கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், அவசரமில்லாமல். "ஒடைஞ்சிடுமோன்னு பயந்து பூ மாதிரி வச்சிருக்க. பரவால்ல, எல்லாரும் முதல்ல அப்படித்தான்." அழுத்தினாள். டக்கென்றது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவன் அவற்றைப் படித்தான், ஊரிலிருந்து வந்த ஆட்களிடம் ஒவ்வொருவராக நலம் விசாரிப்பதுபோல, ஒவ்வொரு வரியாக. பழைய டிஸ்க்கில் இம்தியாஸ் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தான். எதிலோ எதையோ குறைக்கச் சொன்னான், குறைத்தாள். வேகம் கொஞ்சம் போகும், சூடும் போகும் என்றான். லாரி வந்தது. ஈரமான ரோடு. அவன் மணிக்கட்டு மவுஸ் குண்டின்மேல் ஊர்ந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. கூட்டுக்குப் பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று காற்று வந்தது. தோசைக்கல் இல்லை, அவன் சொன்னது உண்மைதான், குழந்தையின் மூச்சு அளவுக்குத்தான். ஆனாலும் சூடு. வேறெங்கேயும் போகாது. கை அங்கேயே நின்றது. போகாதா. நாம் கொண்டுபோனால் போகுமே. நிமிர்ந்து வாசற்படியைப் பார்த்தாள். டிவியை இந்த அறைக்கு மாற்றினபோது ஹாலில் இருக்கிற செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள்காரர் இழுத்துவிட்ட நீளமான எச்.டி.எம்.ஐ. வயர் சுவரோரம் இன்னும் சுருண்டு கிடந்தது. "இந்தப் பெட்டி உங்க பக்கத்துலயேதான் இருக்கணுமா?" என்றாள். அவன் லாரியை நிறுத்தினான். "ஏன்?" "இதை ஹால்ல வச்சிட்டு வயர மட்டும் உள்ள கொண்டாந்தா? சூடு அங்கயே போயிடும் இல்ல?" எத்தனை வாட் என்று மாசக்கணக்கில் கணக்குப் போட்டவனுக்கு இது தோன்றவில்லையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, "தோணாம இல்ல" என்றான், "தோணுச்சு. வேணாம்னு விட்டேன்." "ஏன்?" "நீ ஹால்லதான் படுக்கப்போற." "நானா? நான் இங்க கீழதான படுக்கறேன், உங்க பக்கத்துல." "இனிமே வேணாம். அதுக்குத்தான் இது." அவள் புரியாமல் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் திரையில் நின்றுபோன லாரியைப் பார்த்துப் பேசினான். "வெள்ளிக்கிழமை சோறு ஊட்டிட்டு இருக்கும்போதே தூங்கிட்ட. ஸ்பூன் பாதி வழியில நிக்குது, நீ கண்ண மூடிட்ட. நானும் வாயத் தொறந்துட்டே இருந்தேன், எழுப்ப மனசு வரல. ராத்திரி நான் கூப்பிடறது இல்ல, திருப்பிப் போடு, தண்ணி கொடுன்னு. பாதிக்கு மேல தேவையே இருக்காது ரேணு. தூக்கம் வராது. மேல பாத்துட்டே கெடப்பேன். பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆவும். ஒரு குரல் கேட்டா போதும்னு கூப்பிட்டுடுவேன். இது இருந்தா கூப்பிட மாட்டேன். திருப்ப வேண்டிய நேரத்துக்கு அலாரம் வச்சுக்கலாம். மத்த நேரம் நீ தூங்கு."

வெளியே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது, குடங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. அவளும் போய் வரிசையில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "இன்னா தெரியும்?" "நீங்க சும்மாதான் கூப்பிடறீங்கன்னு. திருப்பிப் போட்டு அவ்வளவு நேரம்கூட ஆயிருக்காது, மறுபடி கூப்பிடுவீங்க. தண்ணி கொடுத்தா ஒரு வாய்கூட முழுங்க மாட்டீங்க." "தெரிஞ்சும் ஏன் எழுந்து வந்த?" இதற்கு என்ன பதில் சொல்வது. கூப்பிட்டால் எழுந்து வருவாள், அவ்வளவுதான். ஏன் என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள். அவன் சும்மா கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எழுந்துபோகும்போது கால் தரையில் பட்டதும் பாவி என்று மனசுக்குள் ஒரு வார்த்தை வரும். அவன் நெற்றியில் கை வைத்ததும் அது போய்விடும். ஒரு நாள் அவன் கூப்பிடாமலே விடிந்தபோது, விடிந்தது தெரிந்த அந்த ஒரு நொடியில் அவள் எப்படிப் பாய்ந்துபோய் அவன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள் என்பதைச் சொல்லலாமா. "பெட்டி ஹால்லதான் இருக்கும்" என்றாள். "அந்தச் சூடு உம்மேல அடிக்கும்." "அடிக்கட்டும். எனக்குத்தான் வேர்க்குதே."

கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாலில், வாசற்படிக்கு அந்தப் பக்கம், இரண்டு செங்கல் மேல் வைத்தாள். பின்பக்கத்தைத் தெருக்கதவைப் பார்க்கத் திருப்பினாள். டிவி வயர் போதுமான நீளம் இருந்தது. மவுஸுக்கு அவனுடைய பழைய சர்வீஸ் பையிலிருந்து ஒரு நீட்டு வயர் கிடைத்தது. எல்லாம் ஆகி, அவனைப் புரட்டிப் பார்த்து மறுபடி சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குக் கீழே மடிப்பில்லாமல் விரிப்பை இழுத்துவிட்டு, ஏர்கூலரில் தண்ணீர் பார்த்து, கழுத்துக்கு ஈரத்துண்டு போட்டுவிட்டு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. "போய்ப் படு கொஞ்ச நேரம்" என்றான். தைக்கவேண்டிய தோல் கட்டு பிரிக்காமல் கிடந்தது. அதைத் தாண்டிப் போய் ஹாலில் வெறுந்தரையில் படுத்தாள். உடம்பு தரையைத் தொட்டதும் ஒவ்வொரு எலும்பாக இறங்கியது. ஆனால் தூக்கம் வரவில்லை. காது மட்டும் உட்கார்ந்திருந்தது, இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற காது. கூப்பிடுவான், இப்போது கூப்பிடுவான். இனிமேல் கூப்பிடமாட்டேன் என்கிறான். கூப்பிடாவிட்டால் எப்படித் தெரியும், இருக்கிறான் என்று. அலாரத்துக்குத் தெரியுமா. பெட்டியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து உள்ளங்காலில் பட்டது. அதற்குள் ஃபேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு இன்னும் உரக்க. மேட்டில் ஏறுகிறான் போலிருக்கிறது. இறங்கும்போது சத்தமும் இறங்கியது. மறுபடி ஏறியது. ஓ, இப்படித் தெரியுமா. கண்ணை மூடிக்கொண்டே அவன் போகிற வழியைக் கேட்டாள். மேடு, வளைவு, சமதரை, நீளமான சமதரை. கை கால் கனத்தது. எண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. அப்போது ஃபேன் சத்தம் திடீரென்று அடங்கிப்போனது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, கூப்பிட்டீங்களா?" உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, நிதானமாக, எங்கோ தூரத்தில் வண்டியை நிறுத்தியிருப்பவன் குரல். "இல்லம்மா. டோல்கேட்ல நிக்கறேன். நீ படு." "சரி" என்று படுத்தாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிறவரைக்கும் விழித்திருக்கலாம் என்று நினைத்தாள். அவளால் முடியவில்லை.